கேபினட் வாங்கும் முன்: சூடு, சத்தம், விலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நாம் ‘சிபியு’ என்று சொல்லும் அந்தப் பெட்டிக்குக் கடையில் பெயர் கேபினட். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள் ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் வாரக்கணக்கில் யோசிப்பார்கள். கேபினட்டை மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில் கண்ணாடியையும் விளக்கையும் பார்த்து எடுத்துவிடுவார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் எடுத்தேன். அதற்குப் பிறகு எனக்கும் நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்குமாகப் பத்துப் பன்னிரண்டு சிஸ்டம் கட்டியிருக்கிறேன். இருப்பது மதுரையில், ஏசி இல்லாத அறையில். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த அறையையும் சித்திரை வெயிலையும் மனதில் வைத்து எழுதியவை. வெளிநாட்டில் 20 டிகிரி அறையில் செய்த ரிவ்யூவை அப்படியே நம்பி வாங்கினால் நம் ஊரில் கணக்கு தப்பிவிடும்.

கேபினட்டை மாற்றினால் சூடு குறையுமா? அது வெறும் தகரப் பெட்டிதானே?

குறையும். நான் முதலில் வாங்கிய கேபினட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. காற்று அந்தச் சந்து வழியாக வளைந்துதான் உள்ளே வர வேண்டும். கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு 83 டிகிரியில் நிற்கும், அதன் ஃபேன்கள் இரைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அந்தக் கண்ணாடியை மட்டும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதே கேமை அரை மணி நேரம் ஓட்டினேன். 75 டிகிரி. சத்தமும் காதுக்கு நன்றாகத் தெரிகிற அளவுக்கு இறங்கியது. பைசா செலவில்லை.

எல்லாக் கேபினட்டிலும் இந்த 8 டிகிரி கிடைக்காது. ஏற்கெனவே முன்பக்கம் வலை உள்ள கேபினட்டை விற்றுவிட்டு இன்னொரு வலை கேபினட் வாங்கினால் ஒன்றிரண்டு டிகிரிதான் மாறும். மூச்சுமுட்டும் பெட்டியை விட்டு வெளியே வருவதுதான் பெரிய லாபம். அதற்கு மேல் போடும் காசு பெரும்பாலும் அழகுக்கும், உள்ளே கை விட்டு வேலை செய்கிற வசதிக்கும் போகிறது.

மே மாதம் அறையே 36 டிகிரி இருக்கிறது. அப்போது நல்ல கேபினட் என்ன செய்துவிடும்?

எந்தக் கேபினட்டாலும் அறையைவிடக் குளிர்ச்சியாக ஒரு பொருளை வைத்திருக்க முடியாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதைத்தான் அது குறைக்கும். அறை 10 டிகிரி ஏறினால் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். மார்கழியில் 70 டிகிரியில் ஓடிய கார்டு சித்திரையில் 80-ஐத் தாண்டுவது இதனால்தான். பழுது என்று பயந்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

ஆனால் நமக்கு மிச்சம் இருக்கும் இடம் குறைவு. இன்டெல் ப்ராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரியிலும், ரைசன் 7000 வரிசை 95 டிகிரியிலும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 20 டிகிரி அறையில் மோசமான கேபினட்டும் தப்பித்துவிடும். 36 டிகிரியில் தப்பிக்காது. அதனால் குளிர் ஊர்க்காரர்களைவிட நமக்குத்தான் காற்றோட்டமான கேபினட் அவசியம்.

இன்னொன்றும் இருக்கிறது. கேம் ஓடும்போது 300 வாட் இழுக்கும் சிஸ்டம், அந்த 300 வாட்டையும் சூடாக அறைக்குள்ளேயே விடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட். பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேம் ஆடினால் மூன்று பேர் கூட உட்கார்ந்திருக்கிற புழுக்கம் வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சில நாள் கேபினட்டைவிட அதுதான் அதிகம் உதவும்.

எத்தனை ஃபேன் வேண்டும்? ஆறு ஃபேன் உள்ளது நான்கை விட நல்லதா?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. சிஸ்டம் இழுக்கும் வாட்டை, உள்ளே வரும் காற்றுக்கும் வெளியே போகும் காற்றுக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தால் வகுத்து, 1.8-ஆல் பெருக்குங்கள். எத்தனை சிஎஃப்எம் காற்று, அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று, வேண்டும் என்பது கிடைக்கும்.

ஐ5-12400 ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டும் உள்ள சிஸ்டத்தை எடுத்துக்கொள்வோம். ப்ராசஸரின் உச்சம் 117 வாட், கார்டு 115 வாட், மற்றதெல்லாம் சேர்த்து முழு அழுத்தத்தில் 300 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். 10 டிகிரி வித்தியாசத்துக்கு 54 சிஎஃப்எம் போதும். நல்ல 120 மி.மீ. ஃபேன் ஒன்று நிமிடத்துக்கு 1,200 சுற்றில் வெறும் வெளியில் 35 முதல் 40 சிஎஃப்எம் தள்ளும். வலை, ஃபில்டர், வயர் எல்லாம் தாண்டி உள்ளே வரும்போது பாதியோ கொஞ்சம் கூடவோதான் தேறும்.

அப்படிப் பார்த்தால் முன்னால் இரண்டு ஃபேன் இருந்தால் உள்காற்று அறையைவிடச் சுமார் 12 டிகிரி ஏறும். மூன்றாவதைப் போட்டால் 8 ஆகிவிடும். நான்காவது வந்தால் 6. ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும்போது ஒரு டிகிரிகூடக் குறையாது. சத்தமும் தூசியும் விலையும் மட்டும் ஒவ்வொரு ஃபேனுக்கும் தவறாமல் கூடும்.

அதனால் 300 வாட் வரையிலான சிஸ்டத்துக்கு முன்னால் இரண்டு அல்லது மூன்று, பின்னால் ஒன்று. இது போதும். முன்னால் 140 மி.மீ. பொருந்துமென்றால் இரண்டே போதும். 120-ஐவிட அதன் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரியது.

மேலே, முன்பக்கத்தை ஒட்டினாற்போல் வெளியேற்றும் ஃபேன் போடாதீர்கள். முன்னால் நுழைந்த குளிர்காற்று ப்ராசஸர் கூலருக்குப் போகும் முன்பே அதை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். மேலே போட்டே ஆக வேண்டும் என்றால் பின்பக்க ஓரமாகப் போடுங்கள்.

உள்பக்கம் பஞ்சு ஒட்டிய ‘சைலன்ட்’ கேபினட் வாங்கினால் சத்தமே வராதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் வாதாடுவேன். கேபினட்டுக்கு என்று தனியாகச் சத்தம் கிடையாது. உள்ளே இருக்கும் ஃபேன்கள் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறதோ அவ்வளவு சத்தம். பஞ்சும் மூடிய கதவும் கீச்சென்ற சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும். அடித்தொண்டையில் உறுமுவது போன்ற ‘ம்ம்ம்’ சத்தத்தை அவற்றால் தடுக்க முடியாது. அதே கதவு காற்றையும் தடுக்கிறது. காற்று குறைந்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஃபேன் வேகம் எடுக்கும். அமுக்கியதெல்லாம் திரும்பி வந்துவிடும்.

வேகம் கூடும்போது சத்தம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். ஃபேனின் சுற்று இரண்டு மடங்கானால் காற்றும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சத்தமோ 15 டெசிபல் வரை ஏறும். 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். அதேசமயம், ஒரே மாதிரி ஃபேன் இன்னொன்றைச் சேர்த்தால் ஏறுவது 3 டெசிபல்தான். அதாவது 1,800 சுற்றில் ஒரு ஃபேன் ஓடுவதற்குப் பதில் 900 சுற்றில் இரண்டு ஃபேன் ஓடினால், வரும் காற்று ஏறக்குறைய அதே அளவு, சத்தம் 12 டெசிபல் குறைவு.

அதனால் சத்தம் பிடிக்காதவர்களுக்கும் நான் சொல்வது முன்பக்கம் முழுக்க வலை உள்ள கேபினட்டையே. திறந்த வலைக்குப் பின்னால் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன், மூடிய கதவுக்குப் பின்னால் ஓடாய் ஓடும் ஃபேனைவிட அமைதியானது. நம் ஊர் சூட்டில் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதல்.

மூடிய கேபினட்டுக்கும் இடம் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ராக்டல் டிசைன் நிறுவனத்தின் டிஃபைன் வரிசை இந்த வகையில் பேர் பெற்றது. ஏசி போட்ட அறையில், பெரிய கார்டு இல்லாமல், குரல் பதிவோ எடிட்டிங்கோ செய்பவருக்கு அது நன்றாகவே பொருந்தும். கேம் ஆடும் பையனின் மொட்டைமாடி அறைக்கு வேண்டாம்.

ஓடும் சீலிங் ஃபேன் சத்தத்தில் கம்ப்யூட்டர் சத்தம் கேட்கவா போகிறது?

பாதி உண்மை. சீலிங் ஃபேனின் ‘விஷ்ஷ்’ சத்தம், கேபினட்டிலிருந்து வரும் அதே மாதிரியான காற்றுச் சத்தத்தை மூடிவிடும். ஆகவே கடைசி இரண்டு மூன்று டெசிபலுக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தேவையில்லை. ஆனால் ரீங்காரம், கிறீச், விட்டுவிட்டு ஏறி இறங்கும் சத்தம் ஆகியவற்றை அதனால் மூட முடியாது. இரவு பதினொரு மணிக்கு எரிச்சலூட்டுவது இவைதான்.

அப்படிப்பட்ட சத்தம் வருகிறது. எங்கிருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சைடு பேனலைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு ஃபேனின் நடுக் குமிழிலும் விரல் நுனியை மெதுவாக வைத்து ஒரு நொடி நிறுத்துங்கள். இறக்கையில் வைக்காதீர்கள். எதை நிறுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். கிராஃபிக்ஸ் கார்டு ஃபேனையும் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஃபேனையும் கையால் தொட வேண்டாம்; அவற்றுக்குக் காதை அருகில் கொண்டுபோனாலே தெரிந்துவிடும்.

எந்த ஃபேனை நிறுத்தினாலும் உறுமல் நிற்கவில்லையா? பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். 7,200 சுற்று டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. அந்த அதிர்வு மெல்லிய தகரத்தில் ஏறி, பேனல் முழுவதும் ஒலிபெருக்கி போல முழங்கும். பேனலை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் காரணம் அதுவே. டிஸ்க்கின் திருகுகளுக்கு ரப்பர் வளையம் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். எஸ்எஸ்டி மட்டும் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

கேம் ஓடும்போது மட்டும், அதுவும் படம் நகர நகர மாறும் மெல்லிய ‘கிர்ர்’ என்பது கார்டின் காயில்களிலிருந்து வருவது. ஃபேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கேபினட்டை மாற்றினாலும் போகாது. ஃப்ரேம் எண்ணிக்கைக்கு, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதற்கு, ஒரு வரம்பு வைத்தால் குறையும்.

கேபினட்டோடு நான்கு ஆர்ஜிபி (வண்ண விளக்கு) ஃபேன் இலவசமாக வருகிறதே, அவை போதாதா?

காற்றுக்குப் போதும். அந்த வயரின் முனையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். விலை குறைந்த கேபினட்களில் பல, ஃபேனை மதர்போர்டில் செருகுவதற்குப் பதில் எஸ்எம்பிஎஸ்ஸின் நான்கு ஓட்டைப் பெரிய மோலெக்ஸ் வயரில் நேரடியாக மாட்டச் சொல்கின்றன. அப்படி மாட்டினால் ஃபேன் எந்நேரமும் 12 வோல்ட்டில் முழு வேகத்தில் சுற்றும். வெறுமனே மெயில் படித்துக்கொண்டிருந்தாலும் அதே இரைச்சல்தான். வேகத்தைக் குறைக்க மதர்போர்டுக்கு வழியே இல்லை.

மூன்று பின் உள்ள ஃபேனை மதர்போர்டு வோல்ட்டேஜைக் குறைத்துக் கட்டுப்படுத்தும். நான்கு பின் உள்ளது பிடபிள்யூஎம், இன்னும் நுணுக்கமாகக் கேட்கும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் எடுங்கள். மோலெக்ஸ் மட்டும் என்றால் அந்த ஃபேன்களை விலையில்லாதவை என்றே வைத்துக்கொண்டு மற்ற கேபினட்டோடு ஒப்பிடுங்கள். ஏனென்றால் ஆறு மாதத்தில் மாற்றத்தான் போகிறீர்கள்.

விளக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. ஏஆர்ஜிபி என்பது 5 வோல்ட், மூன்று பின். சாதாரண ஆர்ஜிபி 12 வோல்ட், நான்கு பின். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் அழுத்திச் செருகினால் அந்த நொடியே போய்விடும்.

ஃபேனை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது?

ஃபேனின் பின்பக்கம் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கும். சாதாரண ஃபேனில் காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளியே வரும். முன்னால் மாட்டும் ஃபேனில் கம்பிப் பக்கம் உள்ளே பார்க்கட்டும், பின்னால் மாட்டுவதில் வெளியே பார்க்கட்டும். ரிவர்ஸ் ஃபேன் என்று விற்பவை மட்டும் விதிவிலக்கு.

எல்லாம் மாட்டி முடித்ததும் நான் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்துவேன். முன்பக்க வலைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் புகை நேராகக் கோடு போட்டாற்போல் உள்ளே இழுபடும். பின்னால் பிடித்தால் கலைந்து ஓடும். அதற்கப்புறம் பேனல் இடுக்குகள், கார்டு ஸ்லாட் ஓட்டைகள், யூஎஸ்பி துவாரங்கள் ஓரமாகக் கொண்டுபோவேன். புகை அங்கே உள்ளே நுழைந்தால், வெளியேற்றும் ஃபேன்கள் பலமாக இருக்கின்றன, ஃபில்டர் இல்லாத சந்துகள் வழியாகத் தூசி வரப்போகிறது என்று பொருள். பின் ஃபேனின் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி பார்ப்பேன். புகை அந்த இடுக்குகளில் வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் சரி. ஒரு நிமிட வேலை. சாம்பல் உள்ளே விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூசி ஃபில்டர் காற்றைத் தடுக்காதா? கழற்றிவிடலாமா?

தடுக்கும்தான். ஆனாலும் கழற்ற வேண்டாம். ரோட்டோர வீடுகளில் ஒரே மாதத்தில் ஃபில்டர் சாம்பல் நிறக் கம்பளி போர்த்திக்கொள்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கும் என் நண்பர் வீட்டு ஃபில்டரைப் பார்த்தால் விரலால் சுருட்டி எடுக்கலாம், அவ்வளவு பஞ்சு. ஃபில்டர் இல்லாவிட்டால் அதெல்லாம் கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே போய் அடைந்துகொள்ளும். அங்கிருந்து எடுப்பது பெரிய வேலை.

ஆகவே ஃபில்டர் இருக்கிறதா என்பதோடு, அதை எப்படி எடுப்பது என்றும் பாருங்கள். காந்தத்தில் ஒட்டியதும், இழுத்தால் வரும் சட்டமும் நல்லவை. முன்பக்க பிளாஸ்டிக்கையே ஆறு கிளிப் விலக்கிக் கழற்றினால்தான் வரும் என்றால் நீங்கள் சுத்தம் செய்ய மாட்டீர்கள், யாரும் செய்வதில்லை. மாதம் ஒருமுறை குழாயடியில் கழுவி நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டினால் போதும்.

தூசி சரி. பல்லி, எறும்பு?

சிரிக்கிற கேள்வியில்லை. மலிவான கேபினட்டில் பின்பக்க கார்டு ஸ்லாட் மூடிகள் ஒரே தகரத்தில் வெட்டியவை. ஒருமுறை உடைத்தால் திரும்பப் பொருத்த முடியாது. அப்படி உடைத்த ஸ்லாட் திறந்தே கிடந்த ஒரு சிஸ்டம் எங்கள் சித்தப்பா வீட்டில் திடீரென்று நின்றுபோனது. திறந்து பார்த்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேனுக்குப் பக்கத்தில் பல்லி செத்துக் கிடந்தது. இருட்டும் வெதுவெதுப்பும் அவற்றுக்கு வசதி. திருகு போட்ட மூடி உள்ள கேபினட்டாக வாங்குங்கள். ஏற்கெனவே திறந்திருந்தால் தனி மூடி சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். அதற்கும் வழியில்லை என்றால் கொசுவலைத் துண்டை வெளிப்பக்கமாக ஒட்டினாலும் சரி.

சைடு பேனலைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் என்ன?

சூடு குறையும்தான், தூசி கொட்டும். எல்லா ஃபேனின் சத்தமும் நேராகக் காதுக்கு வரும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஆபத்தும்கூட. நிரந்தர ஏற்பாடாக வேண்டாம்.

பரிசோதனைக்கு மட்டும் இது அருமையான வழி. பேனல் மூடி அரை மணி நேரம், திறந்து அரை மணி நேரம், ஒரே கேம். வித்தியாசம் மூன்று டிகிரிக்குள் என்றால் உங்கள் கேபினட் நன்றாகவே மூச்சுவிடுகிறது, காசை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். எட்டு, பத்து டிகிரி என்றால் கேபினட்தான் குற்றவாளி.

மீன்தொட்டி மாதிரி முன்னாலும் ஒரு பக்கவாட்டிலும் கண்ணாடி உள்ள கேபினட் சூடாகுமா?

முன்பக்கம் அடைபட்டாலும் பக்கவாட்டிலும் அடியிலும் காற்றுக்கு வழி வைத்து, அங்கெல்லாம் ஃபேனும் போட்டால் சூடாகாது. 2018-இல் வந்த லியான் லி நிறுவனத்தின் ஓ11 டைனமிக் இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது. அதில் ஃபேன் தனியாக வாங்க வேண்டும், அங்கேதான் செலவு. அடியில் ஃபேன் போட்டால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேராகக் குளிர்காற்று கிடைக்கும். தரையில் வைத்தால் தரைத் தூசியும் நேராகக் கிடைக்கும். மேசை மேல் வைக்கிறவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

வாட்டர் கூலர் போட்டால் கேபினட் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

வேண்டும். தண்ணீர் சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறது, கடைசியில் அதையும் காற்றுதான் ஆற்ற வேண்டும். 65 வாட் வகை ப்ராசஸருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் டவர் கூலரே (தண்ணீர் இல்லாமல் காற்றால் ஆற்றுவது) தாராளம்.

என்ன அளவுகள் பார்க்க வேண்டும்?

மூன்று. மதர்போர்டு அளவு: ஏடிஎக்ஸ் 305-க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. அடுத்து, கூலர் உயரம்: 120 மி.மீ. ஃபேன் உள்ள டவர் கூலர்கள் பெரும்பாலும் 155 முதல் 160 மி.மீ.; கேபினட் 165-ஆவது தாங்கட்டும். கடைசியாக, கார்டின் நீளம். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிலிருந்து முன் ஃபேனின் 25 மி.மீ. கனத்தைக் கழிக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

நான் இதை எழுதும்போது, முன்பக்கம் வலை, மூன்று நான்கு ஃபேன், ஓரளவு கெட்டியான தகரம் உள்ள கேபினட் 3,500 முதல் 5,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அறுபது, எழுபதாயிரம் ரூபாய் சிஸ்டத்துக்கு இதுவே சரியான இடம். இரண்டாயிரத்துக்குக் கீழே போனால் தகரம் அரை மி.மீ. கனத்துக்கு இறங்கிவிடும். தூக்கும்போதே வளையும், திருகு மரை சீக்கிரம் தேயும், கடற்கரை ஊர்களில் வெட்டுவிளிம்பெல்லாம் துருப்பிடிக்கும்.

ஒன்பது, பத்தாயிரம் போட முடிந்தால் லியான் லியின் லான்கூல் 216 போன்றவை கிடைக்கும். முன்னால் இரண்டு 160 மி.மீ. ஃபேன் அதிலேயே வருகிறது; மெதுவாகச் சுற்றினாலே நிறையக் காற்று. 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காசு வீண் இல்லை.

நடுவில் ஒரு வழி உண்டு, நான் அதிகம் செய்தது அதைத்தான். ஃபேன் குறைவாக வரும் நல்ல வலை கேபினட்டை வாங்கி, ஆர்க்டிக் பி12 போன்ற சிக்கனமான பிடபிள்யூஎம் ஃபேன் இரண்டு சேர்ப்பது. ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் ஃபேன் இன்னும் மென்மையானது. ஆனால் ஒரு ஃபேன் விலைக்குப் பாதிக் கேபினட்டே வாங்கிவிடலாம். ஏசி அறையில் சீலிங் ஃபேனும் ஓடாதவர்களுக்கே அந்த நுணுக்கம் காதில் விழும்.

கேபினட்டோடு எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்துத் தருகிறார்கள். எடுக்கலாமா?

கிராஃபிக்ஸ் கார்டு போடுவதாக இருந்தால் வேண்டாம். அந்த மலிவான எஸ்எம்பிஎஸ் பழுதானால் மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய், அறுபதாயிரம் ரூபாய்ப் பொருளோடு சேர்ந்து போகும். 80 ப்ளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) உள்ளதைத் தனியாக வாங்குங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. மாற்ற வேண்டுமா?

முதலில் வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட, மின்கம்பிகளுக்கும் அதன் உலோக உடலுக்கும் நடுவே சின்ன மின்தேக்கிகள் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட்டின் உடலில் 230-இல் பாதி வோல்ட்டேஜ் வரை நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் உண்மையான பழுது ஏதும் வந்தால் காப்பாற்ற எர்த் இல்லை என்பதுதான் கவலை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்கே வைப்பது?

பழைய கம்ப்யூட்டர் மேசைகளில் ‘சிபியு’வுக்கென்று ஒரு மரப்பொந்து இருக்கும். அதற்குள் தள்ளினால் எந்த நல்ல கேபினட்டும் கெட்டதாகிவிடும். வெளியே போகும் சூடான காற்று பின்பலகையில் மோதித் திரும்பி முன்வழியாக மறுபடி உள்ளே வரும். என் அக்கா வீட்டில் அந்தப் பின்பலகையை ஆசாரியை வைத்து அறுத்தெடுத்தோம், பிரச்சினை தீர்ந்தது. சுவரிலிருந்து பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தரையில் வைப்பதானால் கீழே ஒரு பலகையோ சிமெண்டுக் கல்லோ போட்டு உயர்த்துங்கள். எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் அடிப்பக்கமிருந்துதான் காற்று இழுக்கிறது. வீடு துடைக்கும்போது தண்ணீரும் படாது.

வாங்கி மாட்டியாகிவிட்டது. இனி காசில்லாமல் சத்தத்தைக் குறைக்க வழி?

பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ஃபேன் கர்வ் என்று ஒன்று இருக்கும்; எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு வேகம் என்பதை அதில்தான் வைப்பது. கேபினட் ஃபேன்களை 60 டிகிரி வரை 40 சதவீதத்திலும், அதற்கு மேல் மெதுவாக ஏறி 85-இல் முழு வேகத்துக்கும் போகும்படி வையுங்கள். வேகம் மாறுவதற்கு முன் சில நொடி தாமதம் வைக்க இடமிருந்தால் வையுங்கள். உலாவியைத் திறந்ததும் ஃபேன் சீறி அடங்குவது நின்றுவிடும். கிராஃபிக்ஸ் கார்டின் மின்சார வரம்பை 80 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள். பல கார்டுகளில் வேகம் சில சதவீதமே குறையும், சூடு நன்றாகவே இறங்கும். நான் சித்திரையிலிருந்து ஆடி வரை என் கார்டை அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கடையில் கேபினட்டை நேரில் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

பெட்டியைப் பிரித்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். முன்பக்க பேனலைக் கழற்றி, கடை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் காற்றும் வரும். சில பேனல்களில் முகப்பில் வலை இருக்கும், அதன் பின்னால் பிளாஸ்டிக் தட்டு பாதி இடத்தை அடைத்திருக்கும், விளக்கில் அது காட்டிக்கொடுத்துவிடும். தகரப் பக்கத்துப் பேனலை நடுவில் கட்டைவிரலால் அமுக்குங்கள், ‘டப்’பென்று குழிந்து எழுந்தால் அது நாளை அதிரும். பின்பக்க ஸ்லாட் மூடிகளில் திருகு இருக்கிறதா என்று எண்ணுங்கள். உள்ளே கையை விட்டு விளிம்புகளைத் தடவுங்கள், சீவாத விளிம்பு விரலைக் கிழிக்கும். கடைசியாக ஒரு ஃபேனின் வயரைப் பிடித்து அதன் முனை வரை போய்ப் பாருங்கள். அங்கே மோலெக்ஸ் இருந்தால் அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.